சட்டைப்பைக்குள் போன சீட்டு: கருக்கலைப்பு, சபை, நாகரிகம்

1

2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இருபது வாரத்துக்கு மேல் இருபத்துநாலு வாரம் வரை கருவைக் கலைத்துக்கொள்ளச் சில வகைப் பெண்களுக்குச் சட்டம் தரும் அனுமதியிலிருந்து மணமாகாதவள் என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தியை விலக்க முடியாது என்பது அதன் சாரம். அதற்குச் சில வாரங்கள் கழித்து எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பட்டிமன்றம் வைத்தார்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். எந்தக் கல்லூரியிலும் நடந்திருக்கக்கூடியதுதான். தலைப்பு, 'கருக்கலைப்பு: பெண்ணின் உரிமையா? சமூகத்தின் சீரழிவா?' தலைப்பு வைத்தவர்கள் நடுநிலையோடுதான் வைத்ததாக நம்பினார்கள். ரயில்வேயில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு அரக்கோணத்தில் ஓய்வாக இருக்கிற நான், நண்பர் ஒருவர் கூப்பிட்டாரென்று போனேன்.

மண்டபத்தில் இடப்பக்கம் மாணவிகள், வலப்பக்கம் மாணவர்கள், நடுவே ஆசிரியர்கள் நடமாட ஒரு பாதை. முன்வரிசையில் எங்களைப் போன்ற 'பெரியவர்கள்'. உரிமை அணியில் இரண்டாவதாகப் பேச வந்த பெண்ணின் அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர் என்று அறிமுகம் செய்தார்கள். அந்தப் பெண் தீர்ப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து 'கல்யாணம் ஆகாத பொண்ணும்' என்று ஆரம்பித்ததுதான் தாமதம், வலப்பக்கத்திலிருந்து விசில். கூடவே ஒரு குரல்: 'அனுபவமா மேடம்?' மண்டபமே சிரித்தது. நடுவர் மேடை பழகியவர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, 'தங்கச்சி ரொம்பச் சூடா இருக்கு, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்கப்பா' என்றார். இரண்டாவது சிரிப்பு. இந்தத் தடவை இடப்பக்கமும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மேலே எழுத முடியும்.

சீரழிவு அணியில் பேசிய பையன் கருவாகவே மாறிப் பேசினான். 'அம்மா, நான் என்னம்மா தப்பு செஞ்சேன்' என்கிற பாணி. மண்டபம் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் இருந்தது. ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் மைக்கைப் பிடித்து, மாணவிகள் பேசும்போது விசில் அடிப்பது நாகரிகமல்ல என்று கண்டித்தார். அதே மூச்சில், மாணவிகளும் சபைக்கு ஏற்ற வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பேச வேண்டும் என்றார். விசிலும் 'கல்யாணம் ஆகாத பொண்ணு' என்ற சொல்லும் ஒரே தராசில் ஒரே எடையாயின.

இதற்கு நடுவே இடப்பக்கத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குப் போயிற்று. நடுவர் பிரித்தார். படித்தார். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நேரமின்மை காரணமாகக் கேள்விகள் இல்லை என்றார். உரிமைதான், ஆனால் பொறுப்போடு கூடிய உரிமை என்று தீர்ப்பளித்தார். டீ வந்தது.

2

நம் மரபில் சபை என்பது பேசுகிறவனைச் சோதிக்கும் இடம். திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று 72-ஆம் 73-ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் பேசப் போகிறவனுக்குச் சொன்னவை. எந்தச் சபை எப்படிப்பட்டது என்று பார்த்துப் பேசு, பேசத் தகாத சபையில் வாயைத் திறக்காதே, கற்றவர் நடுவே நடுங்காதே. கேட்கிறவனுக்குக் கேள்வி என்ற அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே கேட்பது, கேட்பவன் தன்னை வளர்த்துக்கொள்ளும் வழி. பேசுகிறவனுக்குக் கேட்கிறவன் பட்டிருக்கும் கடன் என்ற கோணம் அதில் இல்லை. பேச்சு வழக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. பேச வருகிறவருக்குச் 'சபைக்கூச்சம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். சபை கூச்சப்பட வேண்டிய தருணத்துக்கு நம்மிடம் சொல் கிடையாது.

பட்டிமண்டபம் மணிமேகலைக் காலத்திலேயே இருக்கிறது. இந்திர விழாவின்போது சமயவாதிகள் ஏறி வாதிட அழைக்கப்படும் இடம் அது. நாம் அறிந்த பட்டிமன்றம் வேறு. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம், குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்கள் வழியாக வளர்ந்து, தொலைக்காட்சியில் பண்டிகை நாள் பலகாரமாக முடிந்த வடிவம். இதன் இலக்கணம் எல்லாருக்கும் தெரியும். இரண்டே பக்கம், கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேச்சு, பெண்டாட்டியை வைத்து நாலு நகைச்சுவை, யாரும் மனம் நோகாமல் ஒரு தீர்ப்பு. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று வாதிட இந்த இலக்கணம் போதும். வாலி சபையில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. கருக்கலைப்பு என்ற தலைப்பில் அந்த வசதி கிடையாது. இருநூறு பெண்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் அதைக் கடந்து வந்தவள் ஒருத்தியாவது இருப்பாள். அவளை மூன்றாம் மனிதராக்கி, அவள் எதிரிலேயே 'இருக்கலாமா கூடாதா' என்று எதுகை மோனையோடு விவாதிக்கிறோம். விசில் அடித்த பையன் தனியாள் அல்ல. வடிவம் எழுதிக் கொடுத்த வசனத்தை அவன் சொன்னான்.

கருவாகப் பேசிய பையனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பிறக்காததற்குத் தன்மைக் குரல் கொடுத்தான், மண்டபம் அழுதது. பிறந்து வளர்ந்து இருபது வயதாகி நிற்கும் பெண் படர்க்கையில் பேசினாள். அந்தப் படர்க்கையைப் பிடுங்கித் தன்மையாக்கி 'அனுபவமா?' என்றது அதே மண்டபம். ஒன்றுக்குத் தன்மை புனிதம். மற்றதற்குத் தன்மை அவதூறு. சொல்லாடலில் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்ட இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

3

'சபைக்கு ஏற்ற வார்த்தை' என்றார்களே, அதற்கு வருகிறேன். கருப்பையைப் பற்றி வெளியில் பேசுவது நமக்குப் பழக்கமில்லாத காரியமா? எழுபதுகளில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். சிவப்பு முக்கோணம் இல்லாத சுவர் கிடையாது. 'நாம் இருவர் நமக்கு இருவர்' ரயில் நிலையங்களில், பஸ் முதுகில், தீப்பெட்டியில்கூட இருந்தது. நிரோத் விளம்பரத்தைக் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அப்போது யாரும் நாகரிகம் கெட்டுவிட்டதாகப் புகார் செய்யவில்லை. பேசியது அரசு. பேசப்பட்டவள் பெண். திசை சரியாக இருந்தது.

கருக்கலைப்புச் சட்டமும் அந்தத் திசையிலிருந்துதான் வந்தது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவில் கலைத்தவரையும், தானே கலைத்துக்கொண்டால் அந்தப் பெண்ணையும் குற்றவாளியாக்கியது. 1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைகளுக்குப் பின், மக்கள்தொகைக் கவலையும் கள்ளத்தனமான கலைப்புகளில் நேர்ந்த சாவுகளும் சேர்ந்து 1971-இல் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அது பெண்ணுக்கு உரிமை கொடுத்த சட்டம் என்று நம் தோழர்களே எழுதுகிறார்கள். இல்லை. நல்லெண்ணத்தோடு முடிவெடுக்கும் மருத்துவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்புக் கொடுத்த சட்டம் அது. பழைய தண்டனைப் பிரிவு ஒழியவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவாக எண் மாறி உட்கார்ந்திருக்கிறது.

திசையை மாற்றிப் பேசியவர் பெரியார். பிள்ளைப்பேற்றைத் தடுப்பது தேசத்தின் வறுமைக்காக, குடும்பத்தின் நலத்துக்காக, பெண்ணின் உடல்நலத்துக்காக என்று மற்றவர்கள் வாதிட்டபோது, பெண் சுதந்திரமாக இருப்பதற்காக என்று அவர் சொன்னார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்து இதே பொருளில் வாதிட்டார். இரண்டு பேரும் குரல் உயர்த்தவில்லை. கணவனிடம் முடியாது என்று சொல்லப் பெண் பழக வேண்டும் என்பது வரை காந்தி வந்தார். கருத்தடைச் சாதனங்களை ஏற்கவில்லை. நாகரிகமான விவாதத்துக்கு இலக்கணமான உரையாடல்தான். ஆனால் முடியாது என்று சொன்ன பிறகு அந்த வீட்டுக்குள் இரவு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு அந்த நாகரிகத்துக்குள் இடமிருக்கவில்லை. அதே மாத இறுதியில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில் சாங்கர் கலந்துகொண்டார். அங்கே எதிர்ப்பு இருந்தது, வாக்குவாதம் இருந்தது, கருத்தடையை ஆதரித்துத் தீர்மானமும் நிறைவேறியது.

4

அப்படியானால் கூச்சல் நல்லது, மரியாதை கெட்டது என்று சொல்ல வருகிறேனா? இல்லை. இரண்டு கூச்சல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, 1969 பிப்ரவரி, நியூயார்க். கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றிச் சட்டமன்றக் குழு நிபுணர்களின் கருத்தைக் கேட்கிறது. அழைக்கப்பட்ட நிபுணர்கள் பதினாலு ஆண்கள், ஒரு கன்னியாஸ்திரீ. பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்த ரெட்ஸ்டாக்கிங்ஸ் அமைப்பின் பெண்கள் எழுந்து, உண்மையான நிபுணர்கள் நாங்கள்தான் என்று குரல் கொடுத்தார்கள். கூட்டம் குலைந்தது. அடுத்த மாதமே ஒரு தேவாலயத்தில் அவர்கள் தனிக் கூட்டம் போட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கருக்கலைப்பைப் பற்றித் தாங்களே பேசினார்கள்.

இன்னொன்று நம்முடையது. 2005 செப்டம்பரில் இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பில் நடிகை குஷ்பு சொன்ன கருத்து. படித்த ஆண் எவரும் மணப்பெண்ணிடம் கன்னித்தன்மையை எதிர்பார்க்க மாட்டார் என்பது ஒரு பாதி. உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பமாகாமலும் நோய் வராமலும் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்பது மறுபாதி. தமிழ்நாட்டுத் தெரு முதல் பாதியை மட்டும் கேட்டது. இரண்டாம் பாதியில் கருத்தடை இருந்தது, உடல்நலம் இருந்தது. அதைப் பற்றி ஆதரவாக எழுதியவர்களும் அதிகம் பேசவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. துடைப்பத்தோடும் செருப்போடும் ஊர்வலம் போனார்கள். நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்துக்கு அவர் வந்தபோது முட்டையும் தக்காளியும் பறந்தன. 2010 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் எல்லா வழக்குகளையும் ரத்து செய்தது.

அந்தப் போராட்டத்தை முன்னெடுத்தவை பாட்டாளி மக்கள் கட்சியும் விடுதலைச் சிறுத்தைகளும். இரண்டுக்கும் எங்கள் வட்டாரத்தில் வேர் உண்டு. 1944-இல் கடலூரில் பெரியார் மேல் செருப்பு வீசினார்கள். பின்னால் அதே ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2005-இல் செருப்பைத் தூக்கியவர்களின் மேடைகளில் பெரியார் படமும் இருந்தது. சாதி எதிர்ப்பில் கூர்மையாக இருந்த ஒரு கூட்டம் பெண்ணுடல் என்று வந்ததும் ஊரோடு சேர்ந்துகொண்டது. 'நடிகைக்காகவா பேசுறது' என்று அன்று நானும் இலக்கியக் கூட்டங்களில் நழுவினேன். அந்த நழுவலுக்கு வர்க்கப் பார்வை என்று ஒரு பெயர் வேறு வைத்திருந்தேன்.

நியூயார்க்கில் கூச்சல், மேட்டூரிலும் கூச்சல். சத்தத்தின் அளவை வைத்துப் பார்த்தால் இரண்டும் அநாகரிகம். நான் வைக்கும் அளவுகோல் வேறு: கூச்சல் அடங்கிய பிறகு யாருக்கு வாய் திறந்தது, யாருக்கு மூடியது? நியூயார்க்கில் அதுவரை பேச முடியாதவர்கள் அடுத்த மாதம் பேசினார்கள். பதினாலு ஆண்களில் ஒருவரும் ஊமையாகிவிடவில்லை. மேட்டூருக்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்தப் பெண் மைக்கைப் பிடித்து அதே பொருளைப் பேசுவாள்? எங்கள் மண்டபத்து விசில் மேட்டூரின் சின்ன உருவம். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்திக்கும் அது, வாயைத் திறந்தால் உனக்கும் இதுதான் என்று எழுதிக் கொடுத்த நோட்டீஸ்.

5

சத்தமே இல்லாத கொடூரமும் உண்டு. 1974 நவம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதாவைச் சிமோன் வெய் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட முழுக்க ஆண்கள் நிறைந்த அவை. விதிமுறைப்படி எழுந்து, விதிமுறைப்படி அனுமதி பெற்றுப் பேசிய ஓர் உறுப்பினர், கருக்களை எரியுலையில் போடுவதோடு ஒப்பிட்டுக் கேட்டார். ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. சபைக் குறிப்பில் அது ஒழுங்கான உரை.

நம் நீதிமன்றமும் ஒரு சபைதான். 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளைப் பெற்று, பிரசவத்துக்குப் பிந்திய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மணமான பெண் உச்ச நீதிமன்றம் வந்தார். முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு ஒரு மருத்துவரின் கடிதம் வந்தது. இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள், வழக்கு மூவர் அமர்வுக்குப் போனது, கருவின் இதயத்துடிப்பு விவாதப் பொருளாயிற்று. இருபத்தாறு வாரம் கடந்துவிட்டதென்று அனுமதி மறுக்கப்பட்டது. யாரும் விசில் அடிக்கவில்லை. ஆனால் அந்தச் சில நாட்கள் முழுக்க ஒரு பெண்ணின் மாத்திரை, மனநிலை, வாரக் கணக்கு எல்லாம் நாட்டின் பேச்சாக இருந்தன. கல்லூரி மண்டபத்தில் அழுத அமைதியும் நீதிமன்ற அமைதியும் எனக்கு ஒரே அமைதியாகத்தான் கேட்டன.

ஹேபர்மாஸ் வர்ணித்த பொதுவெளியில், பதினெட்டாம் நூற்றாண்டின் காப்பிக்கடைகளில், மனிதர்கள் அந்தஸ்தைக் கழற்றி வைத்துவிட்டு வாதிட்டார்கள் என்பார்கள். எங்கள் டீக்கடையிலும் சலூனிலும் அது ஓரளவு நடக்கிறது. ஆனால் அந்தஸ்தைக் கழற்றி வைக்கலாம், உடலைக் கழற்றி வைக்க முடியாது. உடலோடு சபைக்குள் வருகிறவளுக்கு வீடு ஒரு மொழியைக் கொடுத்திருக்கிறது: நாள் தள்ளிப்போச்சு, கலைச்சிட்டேன், கிளீன் பண்ணிட்டாங்க. மேடை வேறொன்று வைத்திருக்கிறது: சிசு, பாவம், உரிமை, சீரழிவு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போடுவதைத்தான் நாகரிகம் என்று நான் சொல்வேன். துண்டுச் சீட்டு அப்படியொரு பாலம். பெரியார் கூட்டங்களில் சீட்டில் வந்த கேள்விகளைப் படித்துப் பதில் சொல்வது வழக்கமாக இருந்தது. பெயர் போடாமல் கேட்கலாம். பதில் சபைக்கே கிடைக்கும்.

6

அன்று சாயங்காலம் மின்சார ரயிலுக்காக ஸ்டேஷனில் நின்றிருந்தேன். அதே கல்லூரி மாணவிகள் நாலைந்து பேர். முன்வரிசையில் பார்த்த முகம் என்பதால் ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள். 'சார், சீட்டு எழுதினது நான்தான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில புருஷன் கையெழுத்து வேணுமா வேணாமா? அதைக்கூடப் படிக்கல பாருங்க.' யாருக்காகக் கேட்டாய் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கேள்விக்கும் 'அனுபவமா'வுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியதால் விழுங்கினேன். ஆனால் அவள் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பூக்கோ தெரியும், சட்டத்தின் நாலாவது உட்பிரிவு தெரியாது. 'விசாரிச்சுச் சொல்றேம்மா' என்றேன். ரயில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பெரியம்மா மகள் ஞாபகம் வந்தது. அக்காவும் ஷூ கம்பெனிக்குப் போனவள். தொண்ணூறுகளின் கடைசியில் மூன்றாவது தடவை உண்டானபோது வேண்டாம் என்று முடிவெடுத்தாள். அத்தான் வெளியூரில் வேலை, ஆள் கிடைக்கவில்லை. போன இடத்தில் புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரம் அலைந்துவிட்டு யாரோ கொடுத்ததைச் சாப்பிட்டாள். ரத்தம் நிற்காமல் போய்க் கடைசியில் கருப்பையை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அதை அவள் 'அந்தத் தடவை' என்று மட்டும்தான் சொல்வாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். 'பேரு போடாதே. மத்ததெல்லாம் போடு' என்றாள்.

இது வேலூர்ச் சீமை. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கேட்டதையும், ஆண் டாக்டர் வேண்டாமென்று அவர்கள் மறுத்ததால் மூன்று பெண்களும் செத்ததையும் ஐடா ஸ்கடர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அதிலிருந்துதான் 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவருடைய வைத்தியம் தொடங்கியது. மருத்துவம் நூறு மடங்கு வளர்ந்துவிட்டது. ஆணின் சம்மதம் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறேன் என்றேனல்லவா. 1971-இன் சட்டம், 3-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு: பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவனுடையதோ அப்பாவுடையதோ தேவையில்லை. பதினெட்டு நிரம்பாதவர், மனநோய் உள்ளவர் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 2021 திருத்தத்துக்குப் பின் இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். கருத்தடை தவறியதைக் காரணமாகச் சொல்ல இப்போது கல்யாணம் ஆகியிருக்க வேண்டியதில்லை. அவள் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. சட்டம் மருத்துவரிடமே மறைக்கச் சொல்வதைத்தான் விசில் அடித்தவன் மண்டபத்தில் கேட்டான்.

கூட்டம் போடும் தோழர்களுக்கு: இந்தப் பொருளை இரண்டு பக்கமாகப் பிரித்து மேடையேற்ற வேண்டாம். முதல் பத்து நிமிடம் சட்டம் தெரிந்தவரோ அரசு மருத்துவமனை நர்ஸோ பேசட்டும். யாரிடமும் சொந்த அனுபவம் கேட்கக் கூடாது. தானாகச் சொல்ல வந்தால் முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது. சீட்டு வந்தால், எழுதியது யாரென்று தேடாமல், சபைக்குப் படித்துவிட வேண்டும். மேலே உள்ள பதிலைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு ஃபேனைப் பற்றிச் சொன்ன நகைச்சுவைக்கும் அதற்கு நாங்கள் சிரித்ததற்கும் அதைவிட அதிக நேரம் ஆயிற்று.